நம் மொழியில் எழுதிய டப்பா

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? இங்கே தைவானில், தைச்சுங் நகரில் ஓயாத மழை, நான் நலம். போனில் பேசினால் தங்கை துயெட் பக்கத்திலேயே இருப்பாள். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் தொழிற்சாலையில் லேசாக மயங்கினேன். பயப்படாதீர்கள், உட்கார்ந்தபடிதான். நம் ஊர்ப் பெண் ஒருத்தி இணைய நேரலையில் விற்கும், உடம்பு இளைக்க வைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டிருந்தேன். ‘முழுக்க மூலிகை’ என்று வியட்நாமிய மொழியில் எழுதியிருந்தது. சீன எழுத்தையே பார்த்து அலுத்த கண்ணுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அறைத்தோழி ங்கா என்னை மருந்துக்கடைக்கு இழுத்துப் போனாள். மருந்தாளுநர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செஞ்ச கம்பெனி பேரு இல்ல, அனுமதி எண்ணும் இல்ல. நெஞ்சு படபடக்குதா? தூக்கம் வருதா?”

“படபடக்குது. தூக்கமே இல்ல.”

“மூலிகைன்னு எழுதிட்டா ஆச்சா? உள்ள என்ன கலந்திருக்கோ! உடனே நிறுத்தும்மா. டப்பாவோட போய் டாக்டரப் பாரு.”

வெளியே வந்ததும் ங்கா பிடித்துக்கொண்டாள்: “நம்ம பாஷையில ‘அக்கா’ன்னு கூப்பிட்டா, நீ விஷத்தைக்கூட வாங்குவடி!”

டாக்டர் பார்த்துவிட்டார். இதயத்துக்கு ஒன்றும் இல்லையாம்.

ஆனால் தன் கல்யாண உடைக்காகத் துயெட்டும் அதே மாத்திரையை வாங்கியிருக்கிறாள். நேற்றுதான் சொன்னாள். நான் நிறுத்தச் சொன்னால் சிரிக்கிறாள். நீங்கள் அதை அவளிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள், திட்டாமல். தையல்காரரிடம் இடுப்பை இரண்டு விரல் தளர்த்தச் சொல்லுங்கள்.

எனக்குத் தொட்டுக்கொள்ள மீன் சாறு ஒரு புட்டி அனுப்புங்கள். இரவுச் சாப்பாட்டின்போது என்னை அழைத்து, போனை மேசையில் சாய்த்து வையுங்கள். யாரும் பேச வேண்டாம், கிண்ணங்களின் சத்தம் போதும். துயெட்டின் கிண்ணச் சத்தமும் அதில் கேட்க வேண்டும்.

வேலைக்கு அழைக்கிறார்கள்.

உங்கள் மகள்
உயென்