உங்க பாபிலோன் யாரு?

மார்ச் 4, செவ்வாய்

குருவி இன்று மதியம் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து நின்றபடியே இஸ்திரி போட்டவள். எங்கள் சலவைக் கம்பெனியில் வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது; இஸ்திரிப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். பார்த்தும் பாராதது போலப் போயிருப்பேன். பின்னாலேயே மேனேஜர் வந்து நின்றார். "ஸ்டூல் கேட்டு ஆள் சேத்ததும் இவதானே? திங்கள் வரைக்கும் வர வேண்டாம்னு சொல்லுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

போய்ச் சொன்னேன். மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?

சனிக்கிழமை 'ஈரமண்' இசைக்குழுவின் கச்சேரி. அதை நினைத்துத்தான் இந்த வாரத்தை ஓட்ட வேண்டும்.

மார்ச் 5, புதன்

ஈரமண் பாட்டைப் போட்டால் வீட்டுக்காரருக்கு ஆகாது. "ஜவ்வா இழுக்கறான். எப்பதான் முடிப்பான்?"

ஜமைக்காவில் பிறந்த இந்த ரெகே இசை அவருக்குப் பிடிபடவில்லை. அந்த பேஸ் கிடார் காதோடு நிற்காது, அடிவயிற்றில் இறங்கி உட்காரும். இன்னொரு கிடார், நாம் கைதட்டுகிற இடத்தை விட்டுவிட்டு நடுவிலுள்ள சந்தில் வெட்டும். அவசரமே இல்லாத கோபம் அது. அடங்கிப் போகாதே, யாரையும் அடக்காதே — இத்தனை வருடமாக அவர்கள் சொல்வது இவ்வளவுதான். அடக்கி ஆளுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த இசையில் ஒரே பெயர்: பாபிலோன். மேனேஜர் முகத்தை நினைத்துக்கொண்டு நான் பாடுகிற பாட்டுகள் எத்தனை!

மார்ச் 6, வியாழன்

குருவியின் வேலையையும் சேர்த்து மற்றவர்கள் பார்க்கிறார்கள். யாரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும். நானா அனுப்பினேன்?

மார்ச் 8, சனி

எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

மைதானம் நிறைந்திருந்தது. பக்கத்தில் ஒரு பல் டாக்டர், அந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர். முன்பின் தெரியாதவர்கள், இரண்டாவது பாட்டுக்குள் தோளில் கை போட்டுவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர்கள்தான் என் ஆட்கள் என்று நினைத்தேன்.

கடைசிப் பாட்டுக்கு முன் பாடகர் வழக்கம்போல வாத்தியங்களை நிறுத்திக் கேட்டார்: "உங்க பாபிலோன் யாரு? சத்தமா சொல்லுங்க!" டாக்டர் "மாமனார்!" என்றார். ஒரே சிரிப்பு. நான் தொண்டை கிழிய "மேனேஜர்!" என்று கத்தினேன்.

அதே மூச்சில் முன்னால் சில பெண்கள் கத்தினார்கள். "சூப்பர்வைசரக்கா!"

என் இஸ்திரிப் பெண்கள். நடுவில் குருவி, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு. என்னை அவர்கள் பார்க்கவில்லை. பாட்டு தொடங்கியது. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

நானாடி? நானா? உங்களுக்குக் காய்ச்சல்னா லீவு வாங்கிக் குடுத்தது யாரு? மேல இருக்கறவன் திட்டினா நடுவுல நின்னு வாங்கிக் கட்டிக்கிட்டது யாரு?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "சரி, வேலைக்கு வர வேண்டாம்னு அந்தப் பொண்ணுகிட்ட யார் சொன்னது?" என்றார்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. ஈரமண் பாட்டைப் போட்டேன், பாதியில் நிறுத்தினேன். எல்லா வரியும் என்னைப் பார்த்தே பாடுவது போலிருந்தது.

மார்ச் 10, திங்கள்

மேனேஜர் கூப்பிட்டார். குருவிக்குப் பதில் வேறு ஆள் பார்த்தாயிற்றாம். "அந்தக் குருவி வாசல்ல நிக்கறா. நீங்களே சொல்லி அனுப்பிடுங்க."

"நான் சொல்ல மாட்டேன் சார்."

என் குரல்தானா? அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நேரே வாசலுக்குப் போய்க் குருவியை உள்ளே கூட்டிவந்தேன். கேன்டீனில் கிடந்த ஸ்டூல்களை இழுத்து வந்து மேசைக்கு ஒன்றாகப் போட்டேன். "உட்காருங்கம்மா" என்றேன்.

ஒருத்தியும் உட்காரவில்லை. ஏதோ பொறி வைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்! அது மைதானத்தில் கேட்டதைவிட வலித்தது. கடைசியில் நானே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து போர்வை ஒன்றை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். எதிரே குருவி உட்கார்ந்தாள். அப்புறம் எல்லோரும்.

மேனேஜர் வந்து கத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஹோட்டல் துணி சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும், எத்தனை பேரை அனுப்புவார்? "உங்கள அப்புறம் பாத்துக்கறேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 12, புதன்

மேனேஜர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

புது சூப்பர்வைசர் வந்திருக்கிறார். ஆள் சின்ன வயசு, குரல் பெரிசு. ஸ்டூல்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

இனி நானும் இஸ்திரிக்காரி; எனக்குக் கொடுத்திருப்பது கடைசி மேசை. ஸ்டூலின் ஒரு கால் குட்டை, ஆடுகிறது. குருவி அட்டை ஒன்றை மடித்து எடுத்து வந்தாள். "கொஞ்சம் எந்திரிங்கக்கா" என்று குனிந்து அதன் அடியில் செருகினாள். உட்கார்ந்து பார்த்தேன். ஆடவில்லை.