மகனுக்குக் கனகசிங்கம் வேண்டாம்

ஆரையம்பதி
28.06.2009

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் நம் இரட்டைப் பிள்ளைகளும் சுகம். அந்த வெயிலில் நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்களோ என்றுதான் ஒரே யோசனை. போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன் உங்கள் அக்காவுடையது. நான் பேசி முடிக்கும்வரை அன்னப்பூரணி அக்கா பக்கத்தை விட்டு அசையமாட்டார். காத்தான்குடி றிஸான் நாளை கட்டாருக்குத் திரும்புகிறாராம், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மகள் நன்றாகப் பால் குடிக்கிறாள். மகன் சரியான சோம்பேறி, குடிக்கும்போதே தூங்கிவிடுகிறான். யாரைப் போல என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனிப் பெயர் விஷயம். மகளுக்கு உங்கள் அம்மாவின் பெயரைச் சொன்னீர்கள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சுற்றிவர எல்லா வீட்டிலும் தனுஷா, ஆர்த்திகா. இவள் மட்டும் வகுப்பில் எழும்பி ‘சீதேவிப்பிள்ளை’ என்றால், பிள்ளைகள் கிழவி எங்கே என்று தேடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் குளிப்பாட்டும்போது ‘சீதேவி’ என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். எவ்வளவு வடிவாக இருக்கிறது தெரியுமா! பழசு என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். சுனாமியில் மாமியைக் கடல் கொண்டுபோனாலும் நாம் அவரைத் தேடி எடுத்தோம். நீங்களே மண் போட்டீர்கள், முப்பத்தோராம் நாளும் குறையில்லாமல் செய்தோம். அந்தப் பெயரை மகளுக்கு வைக்க எனக்கு முழுச் சம்மதம்.

மகனுக்குத்தான் மச்சான், கனகசிங்கம் வேண்டாம்.

என் அண்ணன் மீதுள்ள பாசத்தில்தான் அதைச் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். பழசுக்குப் பழசு சோடி சேர்கிறது என்று அக்காவுக்கும் சந்தோசம். உங்கள் குடி வழக்கத்தில் தாய்மாமன் உயிரோடு இருக்கும்போதே மருமகனுக்கு அவர் பெயரை வைப்பது மரியாதை. எங்கள் குடியில் அப்படியில்லை. போய்ச் சேர்ந்தவர்களின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்போம். அண்ணனுக்கே அது அம்மப்பா கண்மூடிய பிறகு வைத்த பெயர். நமக்கு இதுதானே முதல் பிரசவம், உங்களுக்கு எப்படித் தெரியும்?

போன கிழமை அக்கா மகனைத் தூக்கிக்கொண்டு, “எங்கட கனகசிங்கத்தாருக்குப் பசிக்குதாம்” என்று சத்தமாகச் சொன்னார். அம்மா அடுப்படியில் எனக்குப் பத்தியச் சரக்கு அரைத்துக்கொண்டிருந்தார். கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து, “ஆரு வந்து சொன்ன? எனக்கிட்ட ஏன் மறைச்ச?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். யாரும் வரவில்லை, ஒன்றும் சொல்லவில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினேன். நம்பவில்லை. நான் எதையோ ஒளிக்கிறேன் என்று இன்றைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மகனை அன்றிலிருந்து மடியில் வாங்குவதில்லை.

வன்னிக்கு லொறி ஓட்டப் போன அண்ணனிடமிருந்து தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு சொல் இல்லை. சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். வவுனியா முகாம் பக்கமிருந்து யார் வந்தாலும் அம்மா படத்தைக் கொண்டுபோய்க் காட்டுகிறார். கண்டோம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்கிறார்.

அக்காவிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். “பேருதானே கா, சும்மா கிட” என்கிறார். தம்பி நீங்கள் சொன்னதை அவர் மாற்றமாட்டாராம். கோயில் ஐயரிடமும் சொல்லி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை துடக்குக் கழித்துப் பெயர் வைக்கும் நாள். ஐயர் பிள்ளையின் காதில் அந்தப் பெயரைச் சொன்னால் அம்மா அந்த இடத்திலேயே ஒப்பாரி வைத்துவிடுவார்.

தயவுசெய்து அதற்கு முன் அக்காவுக்குப் போனில் கோல் எடுத்து, மகனுக்கு நிதுர்ஷன் என்று வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் மட்டுந்தான் கேட்பார். சீதேவிப்பிள்ளையும் நிதுர்ஷனும் என்றால் மாட்டுவண்டிலுக்குப் பக்கத்தில் மோட்டார்சைக்கிளை நிறுத்தியது போலத்தான் இருக்கும். கூடப் பிறந்ததுகளுக்கு இப்படியா பெயர் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

இன்னொன்று. இதை அம்மாவிடமும் சொல்லவில்லை. நேற்று மகனுக்குப் பால் கொடுக்கும்போது, என்னை அறியாமல் ‘கனகசிங்கம்’ என்று கூப்பிட்டுவிட்டேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். அந்தப் பெயர் என் வாய்க்குப் பழகுவதற்குள் இவனுக்கு வேறு பெயர் வைத்துவிட வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நம் ஆட்கள் எல்லோரையும், எங்கே இருந்தாலும், மாமாங்கேஸ்வரர் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சுகிர்தா