பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா

இன்று காலை மகளின் தொண்டையில் தைலம் தேய்த்தேன். வாசனை எழுந்ததும் கை நின்றுவிட்டது. மேடை ஏறுமுன் உங்கள் கழுத்தில் தேய்த்துவிடும் அதே தைலம். நர்சரி விளையாட்டுப் போட்டியில் கத்தியதிலிருந்து அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா பூரித்துப்போனார். "அடியாத்தே, அப்படியே அவங்க அப்பா கொரலுல்ல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உங்கள் கடைசிக் காலத்துக் குரல்.

நாம் பழகத் தொடங்கியபோது உங்களுக்கு அந்தக் கரகரப்பு இல்லை. லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் ராக் பேண்ட் மேடையில் நீங்கள் போட்ட சத்தத்துக்கு லயத்து வரிசை வீடுகளின் நாய்களெல்லாம் குரைக்கும். "ஒனக்கு எதுக்குடா மைக்கு? வித்துட்டு டீ குடிப்போம்" என்பார் டிரம்ஸ் அடிப்பவர். பிறகு அவர் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனார், கிட்டார்காரர் துபாய்க்குப் போனார், பேண்ட் கலைந்தது. நீங்கள் ஒரு ஸ்டூலும் ஒரு கிட்டாருமாகத் தனியே பாட ஆரம்பித்தீர்கள்.

அந்தக் கேள்வியும் அப்போதுதான் ஆரம்பித்தது. முதல் பாட்டுக்கு முன் மைக்கில், "பின்னால இருக்கவங்களுக்குக் கேக்குதா?" கூட்டத்தின் கடைசியில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால்தான் பாட்டு. "காலேஜ் முடிச்ச பொம்பளைக்கு இதுவாங்க வேலை?" என்று சலித்துக்கொள்வேன். "இதுக்கு வேற யாரையும் நம்ப முடியாதும்மா" என்பீர்கள்.

பேண்டில் கத்திப் பாடிய பாட்டுகளையே அடங்கிய குரலில் பாடினீர்கள். மெல்ல மெல்லக் கரகரப்பு ஏறியது. ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா, கல்யாணம், சர்ச் என்று அந்தக் குரலுக்காகவே கூப்பிட்டார்கள். புது ஸ்டைல் என்றார்கள். நாம் இருவரும் அப்படித்தான் நம்பினோம்.

நானுஓயா கல்யாணத்தில் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது, குரல் எட்டவில்லை. நான் கையைத் தூக்கவில்லை. நீங்கள் மைக்கை இன்னும் கிட்ட இழுத்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாடினீர்கள். கைதட்டல் ஓயவே இல்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா இப்படி?" என்றார். தனியாகப் பாடத் தொடங்கியதிலிருந்து, என்றேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, புற்றுநோய்ப் பிரிவுக்குத் துண்டு எழுதினார். அடுத்த திருவிழாவுக்கு நீங்கள் இல்லை.

நேற்று மகளையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனேன். இளம் டாக்டரம்மா. "கத்தினதால வந்த வீக்கந்தான், பயப்படாதீங்க. பேச விடாதீங்க. ஏழு நாள், ஒரு கிழமையில சரியாகலைன்னா மறுபடி கூட்டிட்டு வாங்க." பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தைதான் கூட வந்தது. இப்போது அவள் செருமினாலே ஓடிப்போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

சற்று முன் அவள் கட்டிலில் ஏறி நின்று, கரண்டியை வாயருகே பிடித்தாள். உங்களைப் பார்த்த ஞாபகமோ, போனில் பார்த்த வீடியோவோ.

"பின்னால இருக்கவங்களுக்குக் கேக்குதா?"

பேசாதடி என்று அதட்டத்தான் அடுப்படியிலிருந்து திரும்பினேன். குரல் கரகரவென்றுதான் இருந்தது. ஆனால் அங்கிருந்து எனக்குக் கேட்டது. கையைத் தூக்கினேன்.

டாக்டரம்மா சொன்ன கிழமை முடிய இன்னும் நாள் இருக்கிறது. தூக்கிய கையை இறக்கப் பயமாக இருக்குதுங்க.