வேல்ஸுக்காக நேர்ந்த தேங்காய்

உ

லா சப்பல், பாரிஸ்
12.07.2016

அன்பு மகள் சாம்பவிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாய் இருக்கிறோம், நீயும் அங்கே மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாய் இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வசனம் சொல்லி முடிப்பதற்குள் நீ பிரெஞ்சில் வீ மமோ, வீ மமோ என்று ஓம் போட்டுக் கதையை முடித்துவிடுவாய். கடிதத்தில் இடையில் வெட்ட முடியாது. உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும், எடுக்கட்டும், ஆறுதலாய் வாசி. புதன்கிழமைப் பின்னேரங்களில் வெல்ஷ் மொழி படிக்கப் போகிறவளுக்கு அம்மாவின் கையெழுத்து ஒரு பெரிய கஷ்டமா. மத்தியானச் சாப்பாட்டுக்காரர் எல்லாரும் போய்விட்டார்கள், குகதாசன் அண்ணையின் கடையில் பின்பக்க மேசையில் இருந்து எழுதுகிறேன். ரோல்ஸ் சுருட்டின கை, தாளில் எண்ணெய் பட்டிருந்தால் குறை நினைக்காதே.

முதலில் வீட்டுப் புதினம். அப்பா ஸ்டேஷன் படியில் சறுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டது உனக்குத் தெரியும். டொக்டர் வேலைக்குப் போக வேண்டாம் என்று அறே துண்டு எழுதிக் கொடுத்தாலும் கொடுத்தார், மனுசன் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தபடி ஒரு மாதமாய் ஐரோப்பியக் கிண்ணப் பந்தடி பார்க்கிறார். ஊரில் கோயில் கணக்கைத் தவிர வேறொன்றிலும் அக்கறை இல்லாதவர், இப்போது ஓஃப் சைட் என்றால் என்னவென்று எனக்கு உப்புப் போத்தலையும் மிளகாய்த் தூள் டப்பாவையும் வைத்து விளங்கப்படுத்துகிறார். தம்பி யதுர்ஷனோ ஞாயிற்றுக்கிழமை பிரான்ஸ் தோற்றதில் இருந்து யாரோடும் கதையில்லை. வழக்கமாய் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வான், இப்போது பதிலே இல்லை. எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற போர்த்துக்கல்காரி வென்ற சந்தோஷத்தில் வீட்டுக்கு வீடு மீன் கட்லட் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தா. இவன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான். பிறகு குசினிக்குள் போய்ப் பார்த்தால் தட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் உங்கள் வேல்ஸில் நடக்கிறது ஒன்றும் எனக்கு நேராய் விளங்குவதில்லை. மே மாதம் சட்டசபைத் தேர்தல் என்று சொல்லி, பிரெஞ்சுப் பாஸ்போட்டை வைத்துக்கொண்டு நீயும் போய் வாக்குப் போட்டாய், வாக்குச் சாவடி வாசலில் நின்று படமும் அனுப்பினாய். பிறகு முதலமைச்சரைத் தெரிவு செய்யப் போனால் இரண்டு பக்கமும் சரிசமமாய் வாக்கு விழுந்து இழுபட்டது என்று அப்பா செய்தி பார்த்துச் சிரித்தார். ஜூனில் ஐரோப்பாவில் இருப்பதா விலகுவதா என்ற வாக்கெடுப்புக்கு மட்டும் உன்னிடம் வாக்கு இல்லை என்றுவிட்டார்கள். மே மாதம் வேண்டியவள், ஜூன் மாதம் வேண்டாதவளா? அந்த வெள்ளிக்கிழமை காலை, விலகுவது என்ற முடிவு வந்த அன்றைக்கு, பஸ் தரிப்பிடத்தில் ஒரு மனுசன் நல்ல மரியாதையாய் நீ எப்போது உன் வீட்டுக்குத் திரும்புகிறாய் என்று கேட்டதாய்ப் போனில் சொல்லி அழுதாய். அவன் கத்திக் கேட்டிருந்தால் நீ திருப்பிக் கத்தியிருப்பாய், மரியாதையாய்க் கேட்டதுதான் உன்னைச் சுட்டது என்று எனக்கு விளங்கியது.

நான் என்ன செய்தேன்? பெட்டியைக் கட்டு என்றேன். அன்று பொழுதுபடுவதற்குள் பாரிஸுக்கு வெளியே கார்ஜ் பக்கம் இருக்கிற சிவமணி அக்காவிடம் உனக்கு ஒரு வீடு பார்க்கச் சொல்லியாகிவிட்டது. வேலை முடிந்த கையோடு கோயிலுக்குப் போய், பிள்ளை வீட்டுக்கு வந்துவிட வேண்டும், வந்தால் தேருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தும் விட்டேன். இவ்வளவையும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தேன். எங்களுக்குப் போ என்ற சொல் காதில் விழுந்தால் கால் தன்பாட்டில் செருப்பைத் தேடும், பிள்ளை. எண்பத்தேழில் சண்டை வந்து ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது முந்திப் போனவர்கள் பெட்டியோடு போனார்கள், பிந்திப் போனவர்கள் உடுத்த உடுப்போடு போனார்கள். நான் பிந்திப் போனவள். அந்தப் பயம்தான் அன்றைக்கு உன்னோடு கதைத்தது. நீ கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, ஆஸ்பத்திரியில் உன்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள், ஜூலை முடிவதற்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும் என்றாய். பிறகு ஒன்று சொன்னாய், அது இன்னும் என் காதில் நிற்கிறது. "நீங்கள் வா எண்டா வாறன் அம்மா. ஆனா நீங்கள்தான் சொல்லவேணும்." அதற்குப் பிறகு நான் போனில் மழையைப் பற்றிக் கேட்கிறேன், நீ பந்தடியைப் பற்றிச் சொல்கிறாய், அந்தக் கதையை மட்டும் இரண்டு பேரும் எடுப்பதில்லை.

வெள்ளி போய்ச் சனிக்கிழமை. வேல்ஸும் வட அயர்லாந்தும் பாரிஸில் விளையாடின நாள். காலையிலேயே கார் து நோர் ஸ்டேஷன் பக்கமிருந்து சிவப்புச் சட்டைக்காரர் எங்கள் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவை நிறைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வாளியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு தொப்பி, சிவப்பும் மஞ்சளும் பச்சையும், தோளில் சிவப்பு மிருகம் போட்ட கொடி. குகதாசன் அண்ணைக்கு வியாபாரம் என்றால் கை நிற்காது, ஒரு மட்டையில் இங்கிலாந்துக்காரரை வரவேற்கிறோம் என்று ஆங்கிலத்தில் பெரிதாய் எழுதி வாசலில் ஒட்டினார். வந்தவர்கள் அதை வாசித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு மனுசன் பேனையைக் கேட்டு வாங்கி, இங்கிலாந்தை வெட்டி வேல்ஸ் என்று எழுதிவிட்டுத்தான் உள்ளே வந்து இருந்தார். எமிர் என்று பெயர், அறுபது வயதுக்குக் கிட்ட, போர்ட் டால்போட் என்ற ஊரில் இரும்பாலையில் வேலை. நான் ரோல்ஸ் தட்டோடு போய், சமாளிக்கலாம் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என் மகளும் லண்டனில்தான் என்றேன். லண்டனில் எங்கே என்றார். கார்டிஃப் என்றேன். மேசையில் இருந்த எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய், அம்மா, கார்டிஃப் லண்டன் இல்லை என்று. எங்கள் ஆட்களுக்கு அந்தத் தீவில் எங்கே இருந்தாலும் லண்டன்தான், நான் மட்டும் என்ன விதிவிலக்கா. யாழ்ப்பாணத்தாளைப் பார்த்து நீங்கள் கொழும்புதானே என்றால் எனக்கு எப்படி வருமோ அப்படித்தான் அந்த மனுசனுக்கும் வந்தது. காசு மேசையில் இருந்த எங்கள் பாண்டிச்சேரி மர்கரீத் அக்கா எழும்பி வந்து, இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சமாதானம் செய்தா. அதோடு விட்டிருக்கலாம், எனக்கு வாய் சும்மா இருக்குமா. நீங்கள் எதற்கு வாக்குப் போட்டீர்கள் என்று கேளுங்கோ அக்கா என்றேன். அவ கேட்க மாட்டேன் என்றா, நான் விடவில்லை. மனுசன் மறைக்கவில்லை. விலகுவதற்குத்தான் போட்டேன் என்றார். ஆலையை மூடப்போகிறார்கள் என்று வசந்தம் முழுக்க நித்திரை இல்லையாம், தங்கள் ஊரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லையாம், அந்தக் கோபத்தை எங்கேயாவது போட வேண்டி இருந்ததாம். நான் போய், உறைப்பான கட்டைச் சம்பலை இரண்டு கரண்டி கூட வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வர வர முழுவதையும் சாப்பிட்டார். பிறகு உன் மகளுக்கு என்ன வேலை என்றார். சத்திரசிகிச்சை செய்த ஆட்களைத் திரும்ப நடக்கப் பழக்குகிற வேலை என்றேன். மனுசன் தன் முழங்காலைத் தடவினார். மாசியில் அவருக்கும் முழங்காலில் சத்திரசிகிச்சையாம், வேறு எங்கோ நாட்டில் இருந்து வந்த ஒரு பெண்பிள்ளை கையைப் பிடித்து, ஏசி ஏசி நடக்க வைத்ததாம், எந்த நாடு என்றுகூடத் தான் கேட்கவில்லையாம். பிறகு ஏதோ சொன்னார். மர்கரீத் அக்கா அதைத் தன் தமிழில் சொன்னா: "ஓட்டுப் போடுறப்ப அந்தப் பொண்ணு ஞாபகமே வரலைங்கிறாரு."

அந்தச் சொல் என்னை என்னவோ செய்தது. எனக்கு அவரில் கோபம் போகவில்லை, ஆனால் பயம் கொஞ்சம் போனது. பஸ் தரிப்பிடத்து மனுசனை நான் கண்டதில்லை, அதனால் அவனை வீட்டுக் கதவை உடைக்க வந்தவனாய் நினைத்து வைத்திருந்தேன். இவரோ சம்பலுக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் முன்னால் இருந்த ஆள். போகும்போது வாசலில் நின்று எல்லாருமாய்ப் பாடினார்கள் பார், தெருவில் போன சனம் முழுக்க நின்றுவிட்டது. குகதாசன் அண்ணை அந்த மட்டையை இன்னும் கழற்றவில்லை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பெல்ஜியத்தோடு போட்டி. அப்பா உன்னைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டு இங்கே தொலைக்காட்சி பார்க்கிறார், நீ அங்கே சிநேகிதிகளோடு. பெல்ஜியம் முதல் கோல் அடித்ததும் போனுக்குள்ளே உன் குரல் உடைந்தது எனக்குக் குசினி வரைக்கும் கேட்டது. ஒரு கிழமைக்கு முதல் அழுத அதே குரல். என் பிள்ளை இன்னொரு தரம் அழக்கூடாது, பிள்ளையாரே, இந்த வேல்ஸ் வென்றால் ஐம்பத்தொரு தேங்காய் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்பா காலைத் தூக்கி வைத்த ஸ்டூலில் இருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று வேல்ஸ்காரர் அடித்தார்கள், நீ அங்கே கூச்சல், அப்பா இங்கே சுளுக்கின காலோடு துள்ளி மற்றக் காலையும் கெடுக்கப் பார்த்தார். எனக்கோ நெஞ்சுக்குள் வேறு கலக்கம். கோயிலில் உன்னை அந்த ஊரில் இருந்து கொண்டுவா என்று ஒரு நேர்த்தி, குசினியில் அந்த ஊர் வெல்ல வேண்டும் என்று இன்னொரு நேர்த்தி. பிள்ளையார் எந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்?

பிறகு வேல்ஸ் போர்த்துக்கலோடு தோற்றதும் தெரியும். ஆனால் தோற்று வந்தவர்களைக் கார்டிஃப் கோட்டையில் இருந்து பஸ்ஸில் ஏற்றி ஊர்வலம் கொண்டுபோனார்கள் என்று, சனத்துக்குள் நின்று எடுத்து நீ அனுப்பின படம் இருக்கிறதே, அதைத்தான் நான் நாலு நாளாய்ப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். உன் தலையிலும் அந்த வாளித் தொப்பி. பக்கத்தில் யாரோ தெரியாத மனுசி உன் தோளில் கை போட்டிருக்கிறா. வாய் முழுக்கச் சிரிக்கிறாய். பாரிஸில் நீ கடைசியாய் எப்போது அப்படிச் சிரித்தாய் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அது எனக்கு வலித்தது, மறைக்க மாட்டேன். ஆனால் சிரிக்கிற பிள்ளையைப் பெட்டியில் கட்டி எடுத்து வர எனக்கு மனமில்லை. நேற்றுச் சிவமணி அக்கா போன் எடுத்து, லண்டன் மகள் எப்ப வாறா, வீடு கைவசம் இருக்கு என்றா. லண்டன் இல்லை அக்கா, வேல்ஸ், வீடும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவவுக்கு விளங்கவில்லை, பரவாயில்லை.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். நான் வா என்று சொல்லவில்லை. அந்த வேலைக்கு ஓம் என்று எழுதிக் கொடு. நாளைக்குச் சட்டத்தை மாற்றுவார்கள், பத்திரம், பப்பியே என்று கேட்பார்கள், பஸ் தரிப்பிடத்தில் இன்னொருவன் கேட்பான். கேட்டால் வீட்டுக்கு, கார்டிஃபுக்குத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறு. அப்படியும் ஒருநாள் கதவை உடைத்தால் எங்கள் கதவு இங்கே திறந்துதான் இருக்கும், அன்றைக்குப் பெட்டிகூட வேண்டாம், உடுத்த உடுப்போடு வா. நேர்த்தியைப் பற்றிக் கவலைப்படாதே, நேற்றுக் கோயிலில் பிள்ளையாரோடு கதைத்துத் தீர்த்துவிட்டேன். வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் கேட்டேன், வந்து நிற்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே. ஆகவே கோடை முடிகிற நேரம் தேருக்கு வந்துவிடு, அந்தத் தேங்காயும் இந்தத் தேங்காயும் எல்லாம் சேர்த்து லா சப்பல் தெருவில் உன் கையால்தான் உடைக்க வேண்டும். அப்பாவின் கணுக்கால் அதற்குள் ஆறிவிடும், தோள் கொடுக்கத் தம்பியும் இருக்கிறான்.

தலைக்கு எண்ணெய் வை, ஈரத் தலையோடு வெளிக்கிடாதே, கறித்தூள் முடிந்தால் சொல்லு. உனக்கு ஒரு குறையும் வராமல் எல்லாம் வல்ல பிள்ளையார் துணை நிற்கட்டும், அப்பாவும் உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே, தேருக்கு ரயில் டிக்கெற் எடுக்கும்போது திரும்பிப் போகிறதையும் சேர்த்தே எடு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா சிவனேஸ்வரி