மூன்று பை போர்த்திய பெட்டி

என் அருமை மருமகளே,

கொட்டச் சொல் முரசை! பெட்டி திறந்துவிட்டது! போனில் சொன்னால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

“அம்மா வீடியோ ஒண்ணுகூடத் திறக்கல மாமா, எல்லாம் போச்சா? வேற காப்பியும் இல்லையே” என்று சென்னையிலிருந்து நீ விசும்பியதும், எங்கள் டெய்ரி ஃபார்ம் பேட்டையே நடுங்கக் களத்தில் குதித்தேன். ரூட்டரை ஆயிரம் தடவை அணைத்துப் போட்டேன். நான் வயரைப் பிடுங்கிய வேகத்தில் அந்தமானே மெயின்லேண்ட் பக்கம் நகர்ந்துவிட்டது.

கடைசியில் உன் அத்தை வந்து, உன் அம்மாவின் நினைவாக மிஞ்சிய வீடியோக்கள் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியைத் தொட்டாள்.

“அரே பாப்ரே! தோசைக்கல்லாட்டம் சுடுது. இதுக்கு எதுக்குங்க மூணு பிளாஸ்டிக் பை?”

உப்புக் காற்று படக்கூடாதென்று நான்தான் சுற்றியிருந்தேன். பாவம், சூடு தாங்காமல் பெட்டி தானாகவே அணைந்து கிடந்திருக்கிறது. பைகளை உருவி, ஆறவிட்டுப் போட்டதும் பச்சை விளக்கு கலங்கரை விளக்கம் போல எரிந்தது!

முதல் வீடியோவிலேயே வண்டூர் கடற்கரையில் நின்று உன் அம்மா என்னைத் திட்டுகிறாள்: “டேய், உப்புக் காத்துல கேமரா துருப்பிடிச்சிடும். மூடி வைடா!”

நீ அங்கிருந்தே நெட்டில் உடனே திறந்து பார். பெட்டியை இனி நான் மூடப்போவதில்லை. அக்கா பேச்சை மீறுவது இதுதான் முதல் முறை. வேண்டுமானால் அவளே வந்து திட்டட்டும்.

இப்படிக்கு,
மூவுலகும் போற்றும் உன் மாமா