மஞ்சள் போடாத கறி

9 பிப்ரவரி 1937, செவ்வாய்

கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. ஏழாம் மாதம். வருகிற 28ஆம் தேதி என் ஐயனும் ஆத்தாவும் திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். கட்டுச்சோறு விருந்து முடிந்ததும் பிரசவத்துக்கு என்னை அழைத்துப் போவார்கள். அதுவரை இந்தச் சுரங்கக் குடியிருப்பில் வெள்ளைக்கல் தூசியைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டியதுதான்.

சாயங்காலம் இவர் சிரித்துக்கொண்டே வந்தார். அப்படி வந்தாலே எனக்கு ஏதோ வினை இருக்கும். 21ஆம் தேதி பகல் சாப்பாட்டுக்குச் சுரங்க மேனேஜர் துரையை அழைத்திருக்கிறாராம். துரைசானி சீமைக்குக் கப்பலேறியதிலிருந்து நல்ல ‘ஸ்டேக்’ கிடைக்கவில்லை என்று துரை குறைப்பட்டாராம். என் மனைவி செய்வாள் என்று இவர் சொல்லிவிட்டாராம்.

ஸ்டேக் என்றால் என்னவென்று கேட்டேன். கனமாக வெட்டிச் சுட்ட மாட்டுக்கறியாம்.

10 பிப்ரவரி

தூக்கமில்லை. பட்டிப் பொங்கலன்று மாட்டைத் தொட்டுக் கும்பிட்ட கை இது. இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஐயன் காதுக்குப் போனால்? இந்த ஊட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டாரு. என்னை வண்டியிலும் ஏற்ற மாட்டார். தலைப்பிரசவம். ஆத்தா பக்கத்தில் இல்லாமல் எப்படிப் பெற்றுப் பிழைப்பேன்?

இவரிடம் சொல்லி அழுதேன். உதவி மேனேஜர் வேலை இந்த ஒரு சாப்பாட்டில்தான் இருக்கிறது என்கிறார். யாருக்கும் தெரியாது என்கிறார். சீமையில் இரண்டு வருஷம் படித்தவருக்கு நம் ஊர் வாய் மறந்துவிட்டது போலும்.

14 பிப்ரவரி, ஞாயிறு

முதலில் ஆட்டுக்கறியில் பழகச் சொன்னார். கறிக்கென்று வெளியே தனியாக இருக்கும் அடுப்பில் சமைத்தேன். இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார். கறியைக் கழுவக் கூடாதாம், துணியால் ஒற்ற வேண்டுமாம். உப்பும் மிளகும் மட்டும். இரும்புச் சட்டி புகையும்வரை காய வேண்டும். ஒரு பக்கம் சிவக்கும்வரை தொடக்கூடாது. இறக்கி, மேலே வெண்ணெய் வைத்து, சற்று ஆறவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தேன். ஆனால் பழக்க தோஷம், இவர் வந்து உட்காரும் முன்பே மூன்று தண்ணீரில் அலசி மஞ்சளைப் பூசிவிட்டேன். கல்யாணப் பெண் மாதிரி மஞ்சள் குளித்துச் சட்டியில் கிடந்தது. பட்டிக்காடு என்று சொல்லித் தட்டைத் தள்ளினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகையும்.

21 பிப்ரவரி, ஞாயிறு

துரையை அழைத்துவர இவர் காலையிலேயே போய்விட்டார். துரையின் பட்லர் கறிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தான். நான் அதைப் பிரிக்கவே இல்லை. எங்களுக்குத் தண்ணீர் சுமக்கும் பொன்னாயியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். வயதான கிடாயின் தொடை வாங்கி வந்தாள், நல்ல சிவப்பு. பொட்டலத்தைக் கம்பால் தூக்கிப்போய் வேலிக்கு அப்பால் நரிக்குப் போட்டாள்.

“பயப்படாதீங்க சாமி. பொகையற சட்டிக்கு ஆடு தெரியுமா, மாடு தெரியுமாங்க?”

கழுவாமல், மஞ்சள் போடாமல் சுட்டேன். துரை கடுகு விழுதை அள்ளி அள்ளிப் பூசிக்கொண்டார். அந்தக் காரத்துக்கு முன்னால் எல்லாக் கறியும் ஒன்றுதான். மூன்று துண்டு சாப்பிட்டார். இவர் கண்ணை மூடி மென்றுகொண்டே, சீமையில்கூட இப்படிக் கிடைத்ததில்லை என்றார். கதவுக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

பிழைத்தேன்.

24 பிப்ரவரி

பிழைக்கவில்லை. ஆபீசில் எல்லோர் முன்னாலும் துரை என் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தாராம். பெரிய குமாஸ்தா அருணகிரி அதை ஓமலூர்ச் சந்தைவரை கொண்டுபோய்விட்டார். சந்தைக்குப் போன பேச்சு திருச்செங்கோட்டுக்குப் போகாதா?

28 பிப்ரவரி, ஞாயிறு

வண்டி வந்தது. ஆத்தா இறங்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வண்டியிலேயே இருந்தாள். ஐயன் வாசலில் நின்றார். நான் நீட்டிய சொம்பை வாங்கவில்லை. விருந்துக்கு வந்திருந்த அருணகிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊரே பேசுது சாமி. நீ உன் வாயால சொல்லு,” என்றார் ஐயன்.

“ஆட்டுக்கறிதானுங்க ஐயா. பொன்னாயி கொண்டாந்தா. நான் மாட்டைத் தொடலீங்க.”

ஐயன் முகம் தெளிந்தது. இவரைத் திரும்பிப் பார்த்தார். இவர் அருணகிரியைப் பார்த்தார். துரைக்கு ஆட்டைப் போட்டு ஏமாற்றினார்கள் என்று நாளைக் காலையில் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தக் கணக்கு இவர் முகத்தில் ஓடியது. நான் சொன்னது நிஜம் என்று இவருக்குப் புரிந்ததும் எனக்குத் தெரிந்தது.

“உங்களுக்குப் பயந்துட்டுச் சொல்றாளுங்க மாமா. மாட்டுக்கறிதானுங்க.”

பொன்னாயியைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். யாரும் கூப்பிடவில்லை. தன் வீட்டுக்குத் தானே இப்படி ஒரு பழியை எந்த மாப்பிள்ளை தேடிக்கொள்வான்? ஐயன் அப்படித்தான் நினைத்திருப்பார். கட்டுச்சோற்றுக் கூடைகளை இறக்காமலே வண்டி திரும்பியது. ஆத்தா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பாவி மனுஷன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

9 மார்ச்

இவருக்கு உதவி மேனேஜர் உத்தரவு வந்துவிட்டது. பொன்னாயியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

11 ஏப்ரல், ஞாயிறு

இன்று துரை மறுபடி சாப்பாட்டுக்கு வந்தார். பொட்டலத்தை இவரே வாங்கி, இவரே பிரித்து, என் முன்னால் வைத்தார். முடியும்வரை அடுப்புப் பக்கத்தை விட்டு நகரவில்லை. வயிற்றில் குழந்தை உதைத்துக்கொண்டே இருந்தது. நான் செய்ததாக ஐயன் நம்பியதை இன்று செய்தேன். துணியால் ஒற்றி, உப்பும் மிளகும் தடவி, சட்டி புகைந்ததும் போட்டேன். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால், திருப்பும் நேரம் தப்பிவிடும்.

நன்றாக வந்தது.