கட்டைவிரல் இன்ஜினுக்குக் குரல் வந்த கதை

அன்புள்ள வீப்கேவுக்கு, உன் மாமா கெர்னோட் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், எங்கள் இருவருக்கும் சேர்த்து உள்ள நான்கு முழங்கால்களில் மூன்று நலம். கடல்தாண்டி வால்பரைசோ துறைமுகத்தில் நீயும் உன் இருமலும் எப்படி? தகப்பன் இல்லாத உன்னை வளர்த்த பாவத்தில் பாதி என்னுடையது, அந்த உரிமையில் சத்தியம் செய்து சொல்கிறேன், இனி எழுதப்போவதை நீ நம்பமாட்டாய், இங்கே எங்கள் ஹார்ஸ் மலையில் ஒரு ஜீவனும் நம்பவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன் என்று நீ அம்மாவோடு சண்டை போட்டு நான்கு ஞாயிறு ஆயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்குக் காபியும் பிளம் கேக்கும் எடுத்துவைத்து, தான் பின்னிய கம்பளி உறையோடு செல்போனை மேஜை நடுவில் விருந்தாளி மாதிரி உட்காரவைக்கிறாள். அது மூச்சுவிடுவதில்லை. பெத்த பொண்ணுக்கே அவ்வளவு ரோஷம்னா எனக்கு எவ்வளவு இருக்கும், நானாக் கூப்பிட மாட்டேண்ணா என்று கேக்கை என் பக்கம் தள்ளிவிடுகிறாள். நான் இரண்டு கிலோ ஏறிவிட்டேன்.

இனி வரலாறு. எங்கள் பொம்மை ரயில் சங்கத்தின் பார்வையாளர் நாளுக்காக, நீ விட்டுப்போன கட்டைவிரல் நீள நீராவி இன்ஜினுக்குக் குரல் கொடுக்க நினைத்தேன். அதற்குள் ஓர் எறும்பு படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளிருந்த எடைக்கட்டியை அரத்தால் ராவி, ஓடவும் கூவவும் கட்டளையிடும் நகம் அளவு மின்னணுச் சில்லை நுழைத்தேன். ஸ்பீக்கர்தான் கிடைக்கவில்லை, கடையில் இருப்பதெல்லாம் பானை சைஸ். கடைசியில், தூங்கும் மகாராணியின் கழுத்திலிருந்து ரத்தினத்தைப் பெயர்ப்பது போல ஓரிடத்தில் ஒன்றைப் பெயர்த்தேன்.

ஒவ்வொரு இன்ஜினின் சில்லுக்கும் ஒரு நம்பர் உண்டு, இன்ஜினைத் தனியாக ஒதுக்கிய தண்டவாளத்தில் வைத்துத்தான் அதை மின்சாரத்தால் எழுத வேண்டும். நான் அவசரத்தில் பெரிய தண்டவாளத்திலேயே வைத்து இருபத்தேழு என்று எழுதிவிட்டேன். அங்கே நின்ற நாற்பது இன்ஜினும் தாங்களும் இருபத்தேழுதான் என்று நம்பிவிட்டன. கூவு என்றேன், நாற்பதும் கூவின. ஊர் ரயில்வே கேட் தானாக இறங்கியது, மாடுகள் கறக்காமலே வெண்ணெய் தந்தன, பாதிரியார் கல்லறை வரை ஓடினார். சங்கத் தலைவர் டெட்மரின் பல்செட் நம் இன்ஜின்மேல் ஏறிச் சுரங்கத்துக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தது. யோவ் கெர்னோட், எதைய்யா தொட்டே என்று பொக்கைவாயால் கத்தினார். தொட்டது ஒண்ணு தலைவரே, கேட்டது நாப்பது என்றேன். பார்க்க வந்திருந்த உன் அம்மா மட்டும் காதைச் சாய்த்து, இந்தச் சின்னது போடுற சத்தம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கேண்ணா என்று என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

இருமலுக்குத் தேன் குடி, கடற்காற்றில் தலையை மூடிக்கொள், நூறு வயது இரு அம்மாடி. ஒன்றை மறக்காதே. மேலே சொன்னதில் மாடு பொய், பாதிரியார் பொய், பல்செட் பொய், நாற்பதை நான்கு என்று வைத்துக்கொள். அந்த ஸ்பீக்கர் மட்டும் மெய். அது அம்மாவின் செல்போனிலிருந்து வந்தது, அதனால்தான் மணி அடிப்பதில்லை. நேற்று உறைக்குள் எட்டிப் பார்த்தேன், எடுக்காத அழைப்புகளில் உன் பெயர் பதினோரு தடவை இருந்தது. இதை அவளிடம் சொல்லும் வீரம் எனக்கில்லை. இந்த ஞாயிறு பக்கத்து வீட்டு இர்ம்கார்டின் எண்ணுக்குக் கூப்பிட்டு, அம்மாவை வரச்சொல்லி அவளிடம் என்னைக் காட்டிக்கொடு. இருவரும் சேர்ந்து என்னைத் திட்டத் தொடங்கினால் உங்கள் சண்டை எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியாது.

இப்படிக்கு, திருட்டு மாமா,
கெர்னோட்